எண்ணெய்த் தலையோடு வெந்நீர்க் குளத்துக்கு

என் வீட்டில் ஒரு தலையணை உறை ஐந்து நாளாக நல்லெண்ணெய் மணத்துக்கொண்டு கிடக்கிறது. நான் அதைத் தோய்க்கவில்லை. பதினெட்டு வருடம் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளோடு மாரடித்த எனக்கு, எண்ணெய்க் கறையை நாட்பட விட்டால் போகாது என்று தெரியாமல் இல்லை. நீர் இருந்திருந்தால், "உந்த உறையை ஏனப்பா பிரசாதம் மாதிரி வச்சிருக்கிறீர், மெசினுக்குள்ள போடும்" என்று சொல்லியிருப்பீர். போடத்தான் போகிறேன். அதற்கு முதல் உமக்கு இதை எழுதி முடிக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை உம்முடைய மகள் ஆரணி என்னை ஒரு வெந்நீர்க் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அறுபத்திமூன்று வயதில் முதல் தடவை. போய் வந்த புதினத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. நீர் எனக்கு உடுத்திவிட்ட ஒரு நல்ல பெயரை ஒன்பது வருடமாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அது எனக்கு உரியதில்லை என்பது உமக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று நினைத்திருந்தேன். அதை அந்தக் குளத்துக்குள் இருந்து கழற்றிக் கொடுத்துவிட்டேன். உம்மைக் கேட்காமல் செய்த வேலை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கட்டடம் உமக்குத் தெரியாததில்லை. நகரத்தின் கிழக்குப் பக்கம், சிவப்புச் செங்கல், வாசலில் இரண்டு கதவு. ஒருமுறை உம்முடைய பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் வராமல், பனி முகத்தில் அடிக்க, அந்த வாசலில்தான் ஒதுங்கி நின்றோம். ஒரு கதவுக்கு மேல் பெண்கள் என்றும் மற்றக் கதவுக்கு மேல் ஆண்கள் என்றும் பிரெஞ்சில் கல்லில் வெட்டியிருந்தது. இரண்டு கதவும் பலகை அடித்துக் கிடந்தன. சுவரில் இருந்த அறிவிப்பை நீர் விறைத்த வாயோடு எழுத்துக்கூட்டி வாசித்தீர். நூறு வருடத்துக்கு முந்தி, சுற்றிவரத் தொழிற்சாலைகள் இருந்த காலத்தில், வீட்டில் குளிக்க வசதியில்லாத வேலையாட்களுக்காகக் கட்டினதாம். "பாரும், வேலை முடிஞ்சு அழுக்கோட வந்து இதுக்குள்ள இறங்கியிருப்பினம். எங்கட ஆக்கள்தான்" என்றீர். வெள்ளைக்காரர் எப்படி எங்கட ஆக்கள் என்று நான் கேட்டேன். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருக்க, மற்றப் பக்கத்தால் சிரித்து, "ஊத்தைக்கு நிறமிருக்கோ?" என்றீர்.

அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் புவாண்ட்-கிளேரில் அந்தச் சலவைத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றோம். ஹோட்டல்களின் துவாய்களும் சின்ன விரிப்புகளும் மெசினுக்குள் போய் மடிந்து வரும். பெரிய கட்டில்களின் விரிப்புகளை மட்டும் இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும். நீர் இரண்டு மூலையைப் பிடிப்பீர், நான் இரண்டு மூலையைப் பிடிப்பேன். உதறி, நீளப்பாட்டுக்கு மடித்து, இழுத்து, பிறகு ஆளுக்கு ஆள் நடந்து கிட்ட வருவோம். என் மூலைகளை உம்முடைய கையில் தருவேன். குனிந்து தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போவேன். திரும்பவும் கிட்ட வருவோம். ஒரு விரிப்புக்கு இரண்டு முறை முகத்துக்கு முகம். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு என்று நாங்கள் எண்ணியதில்லை, எண்ணினால் இடுப்பு நாரி நோகும் என்று நீர் சொல்லுவீர்.

கட்டின மனுசனை ஊரில் நடந்த சண்டைக்குள் பறிகொடுத்துவிட்டு, ஆரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்த ஆள் நீர். அழுது நான் கண்டதில்லை. ஆரணிக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் விரிப்பை வழமையை விட இறுக்கி இழுப்பீர். அன்றைக்கு நான் அவதானமாகப் பிடிப்பேன்.

இனி ஒன்பது வருடத்துக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கோட்-டெ-நேஜில் உம்முடைய மூண்டரை வீடு. ஒரு ஹோல், ஒரு அறை, ஒரு குசினி, குளியலறைக்கு அரை என்று இந்த ஊர்க்காரர் எண்ணுகிற கணக்கு. நான் வாய்ப்பன் சுட்டுக்கொண்டு வந்திருந்தேன். என் மகன் பாமசிப் படிப்பு முடித்து, மருந்தாளராக ரொறன்ரோவில் வேலைக்குப் போன வருடம் அது. என் தலை அப்போது கொஞ்சம் உயரத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரணிக்கும் பாமசிக்கு இடம் கிடைத்திருந்தது. நீர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அவள் பாமசிக்குப் போகேல்லையாம். பிளம்பிங் படிக்கப் போறாளாம்" என்றீர்.

நான் முதலில் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை என்று தெரிந்ததும் என் வாய் என் சொல்லுக் கேட்கவில்லை.

"உமக்கு விசரே? பாமசிக்கு இடம் கிடைச்ச பிள்ளையை ஆராவது பைப் பூட்ட விடுவினமே? ஊராற்ற கக்கூசுக்குள்ள கை வைக்கவோ இவளை இடுப்பில காவிக்கொண்டு வந்தனீர்? நாளைக்கு ஆர் கட்டுவான்?"

"கட்டுறவன் கட்டட்டும்" என்றீர். "தண்ணி வேலைதான் பிடிச்சிருக்கு எண்டு சொல்லுறாள். நாங்கள் ரெண்டு பேரும் ஊராற்ற ஊத்தைச் சீற்றைத் தோய்ச்சுத்தானே பிள்ளையளை வளர்த்தம்."

"அவள் எங்களை மாதிரி வரக் கூடாதெண்டுதானே தோய்ச்சனாங்கள்" என்றேன்.

நீர் எழும்பினீர். மிஞ்சின வாய்ப்பனை என்னுடைய பெட்டியிலேயே போட்டு மூடி, என் கையில் தந்து, கதவைத் திறந்துவிட்டீர். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொல்லி வைத்தது.

அடுத்த நாள் வேலை. கோபக்காரர் இரண்டு பேர் ஒரு பஸ்ஸில் போகலாம், ஒரே அறையில் இருந்து சாப்பிடலாம். ஒரு விரிப்பை மடிப்பதென்றால் சீவன் போகும். நீர் நடந்து வருவீர், நான் நடந்து வருவேன், மூலைகள் கை மாறும், விரல் விரலில் முட்டும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் பின்னுக்குப் போவோம். நாலு மாதம் அப்படி. ஆளை மாற்றித் தாருங்கள் என்று மேற்பார்வைக்காரரைக் கேட்க இரண்டு பேருக்கும் ரோசம் விடவில்லை. மற்றப் பெண்கள் எங்களுக்கு ஊமைச்சிகள் என்று பெயர் வைத்ததும் அப்போதுதான்.

பிறகு ஒரு நாள், நான் மூலைகளைத் தரக் கிட்ட வந்தபோது, முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்.

"முதல் சோதினையில அவள்தான் முதலாவது."

பின்னுக்குப் போனீர். அடுத்த விரிப்பு. கிட்ட வந்தீர்.

"நீர் சொன்னபடியாத்தான் நான் விட்டனான் எண்டு அவளுக்குச் சொல்லியிருக்கிறன்."

எனக்குக் கையில் இருந்த மூலை நழுவிவிட்டது. "நானோ? நான் எப்ப சொன்னனான்?" என்று கேட்கிறதற்குள் நீர் பின்னுக்குப் போய்விட்டீர். அடுத்த விரிப்பு வருமட்டும் நான் பொறுத்திருக்க வேண்டியதாகப் போயிற்று. "ஏன் அப்பிடிப் பொய் சொன்னனீர்?"

இந்த முறை என்னைப் பார்த்தீர். "எனக்குப் பிறகு அவளுக்குப் போக ஒரு வீடு வேணும். இந்த ஊரில அவளுக்கு ஆர் இருக்கினம்? உம்மில கோபம் வச்சாளெண்டால் அந்தப் படலையும் சாத்துப்பட்டுப் போகும்."

அப்போது உமக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. திடமாக இருந்தீர். ஆனாலும் அந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்தீர். நான் அன்றைக்குப் போய் உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து அழுதேன் என்பது உமக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளும்.

அதற்குப் பிறகு ஆரணிக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன். சான்றிதழ் எடுத்த அன்று முதலில் எனக்குத்தான் படம் அனுப்பினாள். முதல் வேலையில் கொடுத்த தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக்கு வந்து, என் குசினிக் குழாயை ஒரு சொட்டு ஒழுகாமல் பூட்டிவிட்டுப் போனாள். நீர் பக்கத்தில் இருந்து ஒன்றும் தெரியாதவர் மாதிரித் தேத்தண்ணி குடித்தீர். நான் மூடின குழாயைத் திறந்து திறந்து மூடினேன். இரண்டு வருடத்துக்கு முன், வைத்தியசாலையில் ஏழு கிழமை கிடந்து நீர் போன பிறகு, அந்தப் பெயர் இன்னும் கனத்தது. உண்மை தெரிந்த மற்ற ஆளான நீரும் போய்விட்டீர். சொல்லாவிட்டால், உம்முடைய தைரியம் என் பெயரிலேயே எழுதப்பட்டுக் கிடக்கும். சொன்னால், நீர் திறந்து வைத்த படலையை நானே சாத்தினதாகும்.

இப்படி இருக்கும்போதுதான் தொலைபேசி வந்தது. "அன்ரி, வெள்ளிக்கிழமை ஃப்ரீயோ? அந்தப் பழைய பொதுக் குளியல் மண்டபத்தில எங்கட வேலை முடிஞ்சுது. ஆக்களுக்குத் திறக்க முதல், வேலை செய்த எங்கட குடும்பங்களுக்கு ஒரு நாள் விடினம். நான் உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போறன்." எந்தக் கட்டடம் என்று விசாரித்தேன். இரண்டு கதவு, கல்லில் எழுத்து. பல்லுப் பிடுங்கின அன்று நீரும் நானும் ஒதுங்கின அதே வாசல்.

நான் செய்த விசர் வேலையைக் கேளும். வெள்ளிக்கிழமை, பெண்கள், சுடுதண்ணி. இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வேறென்ன நினைவு வரும்? காலமை எழும்பி, நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை வைத்துத் தேய்த்துக்கொண்டேன். தலையைச் சுற்றித் துணி கட்டினேன். தயிர் வாங்கின பிளாஸ்ரிக் டப்பாவில் சீயக்காயைக் கரைத்து எடுத்துக்கொண்டேன். வெந்நீர்க் குளத்துக்குப் போகிறவள் முழுகத்தானே போகிறாள்? கீழே தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் மனுசன் திரும்பிப் பார்த்து, "தீபாவளி எப்பவப்பா?" என்று கேட்டார்.

ஆரணி தன்னுடைய வேலை வான் வண்டியில் வந்து ஏற்றினாள். பின்னுக்குச் செப்புக் குழாய்கள் கிலுகிலுத்துக்கொண்டு வந்தன. கொஞ்சத் தூரம் போனதும் மூக்கை உறிஞ்சினாள். "அன்ரி, என்ன சமைச்சுக்கொண்டு வாறியள்? நல்லா மணக்குது." ஒன்றுமில்லைப் பிள்ளை என்று நான் வெளியே பார்த்தேன்.

வாசலில் பெண்கள் என்று வெட்டின அதே கதவால் உள்ளே போனோம். பலகை இல்லை. பித்தளைக் கைபிடி மினுங்கியது. மேசையில் நின்ற பிள்ளை பொன்ஜூர் சொல்லி, விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மெதுவாகக் கதைக்க வேண்டும். இறங்க முதல் குளிக்க வேண்டும். எண்ணெய், கிறீம் ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது அவளுடைய கண் என் நெற்றியில் வந்து நின்றது. நெற்றியால் ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது. ஆரணி என் தலைத்துணியைத் தூக்கிப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள்.

"அன்ரி, இது ஃபில்ற்றரை அடைச்சுப் போடும். நான் பூட்டின ஃபில்ற்றர் அன்ரி."

"எனக்கென்ன தெரியும்? சுடுதண்ணி எண்டு சொன்னாய்."

குளிக்கிற இடத்தில் நான் சீயக்காயைத் தேய்க்க, மண் நிறத்தில் தண்ணி ஓடி, பக்கத்துத் தடுப்பில் நின்ற வெள்ளைக்காரி காலைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆரணி வெளியே நின்று அவளுக்கு என்னவோ சமாதானம் சொன்னாள். முழுகி வந்ததும் ஒரு கடதாசித் துவாயை என் தலையில் அமத்தி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எண்ணெய் நிக்குது. திரும்ப." இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை பார்த்து, தலையாட்டி, போகலாம் என்றாள். முகத்தில் சிரிப்பில்லை, வேலைக்காரியின் முகம். என்னைப் பரிசோதித்துத் தண்ணிக்குள் விட்டவள் உம்முடைய மகள் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளைக் குளியல் அங்கி தந்தார்கள். பழக்கதோசத்தில் முதலில் மடிப்பைத்தான் பார்த்தேன். மடிப்புச் சரியில்லை.

குளத்துக்குப் போக முதல் அவள் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். கொதிகலன் அறை. பழைய இரும்புக் கொதிகலனை எடுக்காமல் துடைத்து ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். புதியவை இரண்டு பக்கத்தில். குழாய்கள் சுவர் நீளத்துக்கு ஒன்றோடொன்று முட்டாமல் வரிசையாக ஓடின. ஒவ்வொன்றிலும் எங்கே போகிறது என்று எழுதின பட்டி. வளைவு ஒன்றைத் தொட்டு, "இது நான் ஒட்டினது" என்றாள். கொஞ்சம் தள்ளி, "இதுவும்." பிறகு சொல்லுவதை விட்டுவிட்டு நடந்தாள். நான் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தச் சுவரில் முக்கால்வாசி அவளுடையது.

அங்கே அவளுடைய மேலாள் நின்றார். நரைத்த மீசை, பெரிய வயிறு, அவரும் வெள்ளை அங்கியில். மேலே வீட்டார் குளிக்க, இந்த மனுசனுக்கு மெசின்களை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை. ஆரணி என்னைக் காட்டி, மா தான்த் என்றாள், என்னுடைய அன்ரி. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பிரெஞ்சில் சொன்னார். அவர் முடித்ததும் ஆரணி, "நான் நல்லா வேலை செய்தனானாம்" என்று மொழிபெயர்த்தாள்.

பதினெட்டு வருடம் மேற்பார்வைக்காரரின் பிரெஞ்சைக் கேட்டவளுக்கா? அவர் சொன்னது அவ்வளவும் எனக்கு விளங்கியது. முதன்முதல் தண்ணி விட்டபோது எங்கேயோ கசிந்ததாம். கருவிகளை வைத்து ஆறு ஆம்பிளைகள் இரண்டு நாள் தேடினார்களாம். உம்முடைய மகள் குளத்துக்குக் கீழே, அவர்கள் ஒருவரும் போக முடியாத பொந்துக்குள் தவழ்ந்து போய், நூறு வருடத்துக் குழாய்களில் பொருத்துப் பொருத்தாகக் கையை வைத்துத் தடவி, கசிகிற இடத்தைக் கண்டுபிடித்தாளாம். முப்பத்தைந்து வருடத் தொழிலில் இப்படி ஒரு கையைத் தான் பார்க்கவில்லையாம். சொல்லிவிட்டு என்னைக் கேட்டார், இவளை இந்தத் தொழிலுக்கு விட்டது யார் என்று.

ஆரணி எனக்கு முந்திக்கொண்டு அவருக்குச் சொன்னாள். அம்மாவுக்கு விருப்பமில்லை, அன்ரிதான் கதைத்து ஓம் சொல்ல வைத்தவர் என்று. அவர் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். மெர்சி, மதாம்.

 பெருமைப்பட வேண்டியவர் நீர், மரியாதை வாங்கினது நான். அங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

குளம் நான் நினைத்ததை விடப் பெரிது. மேலே கண்ணாடிக் கூரை, அதன் வழியாக நரைத்த வானம். சுற்றிவர, பச்சைக் கரை வைத்த அந்தக் காலத்து வெள்ளை ஓடு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அங்கே ஆழம் சுவரிலேயே எழுதியிருந்தது, ஆனாலும் நான் விளிம்பிலேயே நின்றேன். ஆரணி கையைப் பிடித்து இறக்கினாள். சூடு முழங்காலுக்கு வந்து, நாரிக்கு வந்து, தோளுக்கு வந்தது. பதினெட்டு வருடம் குனிந்து நிமிர்ந்த நாரி அந்தத் தண்ணிக்குள் போனதும் விட்டுக் கொடுத்தது. ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்து யாரோ ஸ்ஸ் என்றார்கள்.

உம்மை நினைத்தேன். அந்த வாசலில் வீங்கின கன்னத்தோடு நின்ற உம்மை. இந்தச் சூடு உம்முடைய நாரிக்கும் வந்திருக்க வேண்டியது. இனி ஒரு நிமிடமும் பொறுக்க ஏலாது என்று தெரிந்தது.

"பிள்ளை, நீ அந்த மனுசனுக்குச் சொன்னது பிழை."

"எது அன்ரி?"

"உன்ர அம்மா ஒரு நாளும் வேண்டாமெண்டு நிக்கேல்லை. நிண்டது நான். நீ கக்கூசுக்குள்ள கை வைக்கப் போறியோ எண்டு கேட்டது நான். கொம்மா முதல் நாளே உன்ர பக்கம். நாலு மாசம் என்னோட கதைக்காமல் இருந்தவ. பேந்து உனக்கு என்னில வெறுப்பு வரக் கூடாதெண்டு பொய் சொன்னவ. நானும் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்திட்டன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையால் தண்ணியை முன்னுக்கும் பின்னுக்கும் அளைந்துகொண்டிருந்தாள். படலை சாத்துகிற சத்தம் கேட்கப் போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"தெரியும் அன்ரி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு நான் பாத்ரூமுக்குள்ள நிண்டனான். பைப் ஒழுகினது, வாசர் மாத்திக்கொண்டு. மூண்டரை வீட்டில அந்த அரைக்குள்ள நிண்டா குசினியில கதைக்கிறது எல்லாம் கேக்கும். நீங்கள் கக்கூஸ் எண்டு சொல்லேக்க நான் கக்கூசுக்குப் பக்கத்திலதான் நிண்டனான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப ஏன் இவ்வளவு காலமும் கேக்காமல் விட்டனீ?"

"முதல் உங்களில சரியான கோபம். வீட்டுப் பக்கம் வரேல்லை, ஞாபகமோ? பேந்து ஒரு நாள் அம்மா வந்து, அன்ரி சொன்னபடியாத்தான் விட்டனான் எண்டு சொன்னா. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது அன்ரி. ஒரே துவாயை மூண்டு தரம் மடிச்சு மடிச்சு, என்னைப் பாக்காமல் சொன்னா." தண்ணியை அள்ளி முகத்தில் அடித்தாள். "அவ அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்ன பொய்யை நான் எப்பிடிப் பிழையெண்டு சொல்லுறது?"

பாரும் உம்முடைய வளர்ப்பை. நீர் அவளுக்காகப் பொய் சொன்னீர், அவள் உமக்காக அதை நம்பினாள், நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் ஏமாற்றுகிறேன் என்று ஒன்பது வருடம் நித்திரை கெட்டிருக்கிறேன்.

"இப்ப போய் அந்தாளுக்குச் சரியாச் சொல்லு" என்றேன்.

"நீங்களே சொல்லுங்கோ. அவர்ர பிரெஞ்சை நான் சுருக்கிச் சொன்னதைக் கண்டுபிடிச்சியள்தானே, உங்கட முகத்தில தெரிஞ்சது."

போனேன். ஈரத் தலையோடு, அங்கியோடு, கொதிகலன் அறைக்குத் திரும்ப இறங்கினேன். ஆரணி பின்னால் வந்தாள். சலவைத் தொழிற்சாலையில் பொறுக்கின பிரெஞ்சில், இலக்கணம் இருந்ததோ இல்லையோ, அந்த மனுசனுக்குச் சொன்னேன். மிஸ்யூ, ஓம் என்றது இவளுடைய தாய். முதல் நாளே ஓம் என்றவர். நான் வேண்டாம் என்றவள். நான் பிழை.

அவர் மீசையைத் தடவினார். "தண்ணிக்குள் இறங்கினீர்களா, மதாம்?" என்று கேட்டார். இறங்கினேன் என்றேன். "சூடு போதுமா?" போதும் என்றேன். "அப்படியென்றால் இப்போது பிழையில்லை" என்றார். பிறகு, இவளுடைய தாயின் பெயர் என்ன என்று கேட்டார்.

அந்த அறைக்குள் உம்முடைய பெயரை முழுதாகச் சொன்னேன். அவருக்கு நாக்குச் சுழலவில்லை. திரும்பச் சொன்னேன். மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். உம்முடைய மகள் ஒட்டின குழாய்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக்கார மனுசனின் வாயில் உம்முடைய பெயர். ஆரணி சுவர்ப் பக்கம் திரும்பி, ஒழுங்காக இருந்த ஒரு பட்டியை ஒழுங்கு படுத்தினாள். எனக்கு வாழ்க்கையில் என் மகன் பட்டம் வாங்கின அன்றும் இவ்வளவு பெருமை வந்ததில்லை. இதை அவனுக்குச் சொல்லிவிடாதேயும்.

திரும்பும்போது பின்னுக்குக் குழாய்கள்தான் கிலுகிலுத்தன. ரொக்ஸ்பரோ ஸ்ரேசனைத் தாண்டும்போது, "அன்ரி, ரெண்டு நாள் உங்களோட நிக்கட்டோ?" என்று கேட்டாள். என்ன கேள்வி இது என்றேன். மகனுடைய அறையைத் திறந்து, பெரிய விரிப்பை எடுத்து விரித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலமை குசினிக்கு வந்து, கதிரையை எனக்கு முன்னால் போட்டு முதுகைக் காட்டி இருந்தாள். "எனக்கும் எண்ணெய் வச்சு விடுங்கோ." உம்முடைய தலைமயிர்தான் அவளுக்கு, கைக்கு அடங்காது. பொத்திப் பொத்தி வைத்துத் தேய்த்தேன். அவளுடைய கையைப் பார்த்தேன், நெருப்புப் பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். அரை மணித்தியாலம் ஊறட்டும், பிறகு முழுகலாம் என்றேன். அறைக்குள் போனவள் வரவில்லை. எட்டிப் பார்த்தால், ஆறு மாத வேலைக் களைப்பு, எண்ணெய்த் தலையோடு குறுக்கே கிடந்து நித்திரை. எண்ணெய் வைத்துவிட்டுப் பகலில் படுக்கக் கூடாது என்று எழுப்பப் போனேன். நீர் சொன்னது நினைவு வந்தது. எனக்குப் பிறகு அவளுக்குப் போக ஒரு வீடு வேணும். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

அந்தத் தலையணை உறைதான் இது.

இன்றைக்குத் தோய்த்துவிடுகிறேன். முதலில் கறையில் பாத்திரம் கழுவுகிற சோப்பு, பிறகு நல்ல சுடுதண்ணி, நீர் செய்கிற மாதிரியே. வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, நாளைக்குப் பின்னேரம் அவள் வருகிறாள், இனி வெள்ளிக்கிழமைகளில் வருவாளாம். உறை தோய்ந்து காய்ந்திருக்க வேண்டும். அவள் படுத்த பெரிய விரிப்பு நேற்றே காய்ந்துவிட்டது. அது கதிரையில் கிடக்கிறது. நான் தனிய மடிக்கப் போவதில்லை.